முந்திரித் தோட்டுப் பிசினும் சணல் துணியும்: ஒரு தாவரக் கம்போசிட் பலகை செய்வோமா?



மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், ஆட்டோமொபைல் துறைகளின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பட்டியலைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. "வாழைநார் – எபாக்சி கம்போசிட்டின் இயந்திரப் பண்புகள்", "தேங்காய் நார் – எபாக்சி கம்போசிட்டின் இயந்திரப் பண்புகள்" என்று வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும். நார் மட்டும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். முதல் ஸ்லைடில் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது, மக்கும் தன்மை கொண்டது" என்று பச்சை எழுத்தில் ஒரு வரியும் கட்டாயம் இருக்கும்.

வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "தம்பி, இந்தப் பலகை 100 கிராம்னா, அதுல செடியில இருந்து வந்தது எத்தனை கிராம்?"

கையால் பூசிச் செய்யும் பலகையில் பெரும்பாலும் 30 கிராம்தான் நார். மீதி 70 கிராம் எபாக்சியும் ஹார்ட்னரும். அது பெட்ரோலியத்தில் இருந்து வந்தது. அதாவது, நாம் பச்சை என்று சொல்லும் பொருளில் முக்கால்வாசிக்குக் கிட்ட பச்சையே இல்லை. அப்போ நாரை மாற்றிக்கொண்டே இருப்பதை விட, ரெசின் பக்கமும் திரும்பிப் பார்க்கணும். இந்தக் கட்டுரையில் இரண்டையும் செடியில் இருந்து எடுத்து, ஒரு பலகை செய்வதை அடிப்படையில் இருந்து பார்க்கலாம். கடைசியில் அந்த எக்ஸ்டர்னல் கேள்விக்குக் கணக்கோடு பதிலும் சொல்லிடலாம்.

கம்போசிட் என்றால் என்ன?

மண் சுவர் எழுப்பும்போது மண்ணில் வைக்கோல் போட்டு மிதிப்பாங்க, பார்த்திருப்பீங்க. வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் அந்த விரிசலை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். கம்போசிட்டின் தத்துவமும் அதுதான். நார் பாரத்தைத் தாங்கும். ரெசின் நார்களைச் சேர்த்துப் பிடித்து, ஒரு நாரில் இருந்து அடுத்த நாருக்குப் பாரத்தைக் கடத்தும்.

இந்தக் கடத்தல் நடப்பது நாரும் ரெசினும் தொடுகிற பரப்பில். அதைத்தான் இண்டர்ஃபேஸ் என்று சொல்றோம். நார் எவ்வளவு வலுவாக இருந்தாலும், ரெசின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்த இடம் ஒட்டவில்லை என்றால் நார் உருவிக்கிட்டு வந்துடும். இயற்கை நார்களில் முக்கியமான தலைவலி இதுதான். நாரில் இருக்கும் செல்லுலோஸ் முழுக்க ஹைட்ராக்சில் குழுக்கள். அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். ரெசினுக்குத் தண்ணீர் ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் நம்ம வேலை.

எந்த நார்?

நாரைத் தேர்ந்தெடுக்கும்போது "எங்க ஊர்ல கிடைக்குது" என்பது ஒரு காரணம்தான், ஆனா அது மட்டும் போதாது. ஒவ்வொரு நாருக்குள்ளும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். அந்தச் சுற்று, நாரின் நீளத்தோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கு என்பதை வைத்தே நாரின் குணத்தைப் பாதி சொல்லிடலாம்.

சணலில் இந்தக் கோணம் சுமார் 8 டிகிரி. இழைகள் கிட்டத்தட்ட நேராக ஓடுகின்றன. அதனால் விறைப்பு அதிகம், மாடுலஸ் 10 முதல் 30 ஜிகாபாஸ்கல். இழுத்தால் 2 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும்.

ரயில் கற்றாழை நாரில் கோணம் சுமார் 20 டிகிரி. மாடுலஸ் 9 முதல் 22 ஜிகாபாஸ்கல்.

தேங்காய் நாரில் கோணம் 30 டிகிரிக்கும் மேல். லிக்னின் மட்டும் 40 சதவீதத்தைத் தாண்டும். மாடுலஸ் 4 முதல் 6 ஜிகாபாஸ்கல்தான். ஆனா 15 முதல் 40 சதவீதம் வரை நீளும்.

இதில் இருந்து என்ன தெரியுது? வளையக் கூடாத பலகை வேணும்னா சணல். அடியை உள்வாங்கும் பொருள் வேணும்னா தேங்காய் நார். எபாக்சியின் மாடுலஸே சுமார் 3 ஜிகாபாஸ்கல். அதில் 4 ஜிகாபாஸ்கல் நாரை, அதுவும் வெட்டித் தாறுமாறாகப் போட்டால் விறைப்பு எப்படிக் கூடும்? சில சமயம் வெறும் ரெசினை விட வலிமை குறைந்தே போகும். இது சோதனையில் ஏற்பட்ட கோளாறு இல்லை, நாரின் இயல்பு.

இன்னொரு விஷயம், எடை. கண்ணாடி நாரின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 2.5 கிராம். சணலுக்கு சுமார் 1.45. அதனால் எடைக்கு எடை ஒப்பிட்டால் இயற்கை நார் அவ்வளவு பின்தங்கிவிடாது. ஐரோப்பாவில் கார் கதவுகளின் உட்பலகைகளில் ஆளி, சணல் மாதிரியான நார்கள் பல வருஷமா இருக்கு. 2019இல் போர்ஷே தன் கேமன் ஜிடி4 கிளப்ஸ்போர்ட் பந்தயக் காரின் கதவுகளையும் பின் சிறகையும் இயற்கை நார்க் கம்போசிட்டில் செய்தது.

நம்ம பலகைக்குச் சணல் துணியை எடுத்துக்கலாம். கோணித் துணி என்று கேட்டால் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும்.

எந்த ரெசின்?

செடியில் இருந்து ரெசினுக்குப் போக முக்கியமா மூன்று வழிகள் இருக்கு.

ஒன்று, எண்ணெய் வழி. சோயா எண்ணெய், ஆளி விதை எண்ணெய் ஆகியவற்றின் இரட்டைப் பிணைப்புகளில் எபாக்சி வளையத்தை ஏற்றுவது. ஆனா அந்த வளையங்கள் கொழுப்புச் சங்கிலியின் நடுவில் மாட்டிக்கொண்டு இருப்பதால் வினை மெதுவாகத்தான் நடக்கும். கிடைக்கும் பொருளும் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

இரண்டு, ஃப்யூரான் வழி. கரும்புச் சக்கையிலும் சோளத் தக்கையிலும் இருந்து ஃபர்ஃப்யூரால், அதில் இருந்து ஃபர்ஃப்யூரைல் ஆல்கஹால், அதில் இருந்து ரெசின். நெருப்பை நல்லாத் தாங்கும். ஆனா இறுகும்போது தண்ணீரை வெளியே விடும், சூடும் வேணும். காலேஜ் லேபில் முதல் தடவை செய்பவர்களுக்குக் கஷ்டம்.

மூன்றாவதுதான் நம்ம ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வழி: முந்திரி. பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரிக் கொட்டையை உடைத்த தோடு மலைபோல் கிடக்கும். அந்தத் தோட்டுக்குள் தேன்கூடு மாதிரியான அறைகள். அதற்குள் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு எண்ணெய். சி.என்.எஸ்.எல். என்று தொழிலில் சொல்வாங்க. பருப்பைச் சாப்பிடுகிறோம், எண்ணெய் தோட்டில் இருந்து வருது. அதனால் இது உணவோடு போட்டி போடாத மூலப்பொருள்.

இந்த எண்ணெயில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறும். கார்டனாலின் அமைப்பு அழகானது: ஒரு ஃபீனால் வளையம், அதில் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். வளையம் இருப்பதால் ஃபீனால் செய்யும் வேலையெல்லாம் இதுவும் செய்யும். ஃபார்மால்டிஹைடோடு சேர்த்தால் ரெசின் கிடைக்கும். பிரேக் லைனிங்கில் இது பல பத்தாண்டுகளாகப் பயன்படுது. நீளமான வால் இருப்பதால் பொருளுக்கு வளையும் தன்மை வரும், தண்ணீரையும் தள்ளும்.

கார்டனால், ஃபார்மால்டிஹைடு, ஒரு அமீன் மூன்றையும் சேர்த்தால் ஃபீனால்கமீன் என்ற ஹார்ட்னர் கிடைக்கும். குளிரிலும் ஈரத்திலும் எபாக்சியை இறுகவைக்கும் என்பதால் கப்பல் பெயிண்டில் இது பிரபலம். நாம் பயன்படுத்தப் போவது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. தோட்டை வாங்கி ஹாஸ்டல் மாடியில் வறுத்து எண்ணெய் எடுக்கலாம் என்று யாரும் கிளம்பாதீங்க. மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகும் அனுபவம் நம்மில் பல பேருக்கு இருக்கும். மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். முந்திரித் தோட்டு எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், அதன் புகையும் ஆகாது. முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பதப்படுத்திய ஹார்ட்னரையே வாங்குங்க. அதைத் தொடும்போதும் நைட்ரைல் கையுறை போடுங்க. அமீன் ஹார்ட்னர்கள் எதுவுமே தோலுக்கு நல்லதில்லை.

கணக்கு முதலில், கலவை அப்புறம்

30 செ.மீ. × 30 செ.மீ. × 3 மி.மீ. பலகை ஒன்று வேணும் என்று வெச்சுக்குவோம். கன அளவு 270 கன செ.மீ.

எடையில் 30 சதவீதம் நார். சணல் அடர்த்தி 1.45, இறுகிய ரெசின் அடர்த்தி 1.15 என்று எடுத்தால், 100 கிராம் பலகையின் கன அளவு 30/1.45 + 70/1.15, அதாவது சுமார் 81.6 கன செ.மீ. அப்போ தியரிப்படி பலகையின் அடர்த்தி 1.226. நாரின் கன அளவுப் பங்கு சுமார் 25 சதவீதம். ரிப்போர்ட்டில் 30 என்று எழுதும்போது அது எடைப் பங்கா, கன அளவுப் பங்கா என்று கட்டாயம் சொல்லணும். இரண்டும் ஒன்றில்லை.

270 × 1.226 = 331 கிராம். அதில் நார் 99 கிராம், ரெசின் கலவை 232 கிராம். சதுர மீட்டருக்கு 275 கிராம் எடையுள்ள துணி என்றால் ஒரு அடுக்கு சுமார் 25 கிராம். நான்கு அடுக்கு போதும். கப்பிலும் பிரஷ்ஷிலும் ஒட்டிக்கொண்டு போவதற்காக ரெசினை 10 சதவீதம் கூட்டி, 255 கிராமாக எடுத்துக்கலாம்.

எபாக்சிக்கு ஹார்ட்னர் எவ்வளவு? "10க்கு 1" என்று சீனியர் சொன்னதை அப்படியே எடுக்காதீங்க. அது அவர் வாங்கின ஹார்ட்னருக்கு. டேட்டா ஷீட்டில் எபாக்சியின் சமான எடையும், ஹார்ட்னரின் அமீன் ஹைட்ரஜன் சமான எடையும் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100ஆல் பெருக்குங்க. எபாக்சி 190, ஹார்ட்னர் 95 என்றால் 100 கிராம் எபாக்சிக்கு 50 கிராம் ஹார்ட்னர். நம்ம 255 கிராமில் எபாக்சி 170, ஹார்ட்னர் 85. மில்லி கணக்கு வேண்டாம், தராசில் எடை போடுங்க.

நாரைத் தயார் பண்ணுவது

முதலில் கழுவணும். சணல் நூற்கும் ஆலையில் நார் மென்மையாகணும் என்று எண்ணெய் சேர்ப்பாங்க. அந்த எண்ணெய் துணியிலேயே இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நல்லா அலசுங்க. எண்ணெயோடு போட்டால் ரெசின் ஒட்டவே ஒட்டாது.

அடுத்து காஸ்டிக் சோடா. ஜான் மெர்சர் 1844இல் பருத்தித் துணியில் கண்ட வேலைதான். அதனால் மெர்சரைசேஷன் என்று பெயர். 5 சதவீதக் கரைசல் நார்மேல் இருக்கும் ஹெமிசெல்லுலோஸையும் மெழுகையும் கரைக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாகும், ரெசினுக்குப் பிடிமானம் கிடைக்கும். எல்லா ரிப்போர்ட்டிலும் 5 சதவீதம் என்று இருக்கு என்பதற்காக அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நேரமும் செறிவும் கூடினால் நாரே பலவீனமாகும். சின்னத் துண்டுகளில் மூன்று விதமான நேரம் வைத்துப் பாருங்க.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடி, கையுறை அவசியம். அலுமினியப் பாத்திரம் கூடாது, ஹைட்ரஜன் வாயு வரும். துணி சுருங்கும், அதனால் ஒரு சட்டத்தில் கட்டி ஊறவையுங்க. கடைசியில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஒருமுறை, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, பி.ஹெச். 7 வந்த பிறகு நிறுத்துங்க.

அடுத்தது காய வைப்பது. அதிகம் பேர் அவசரப்படும் இடம் இது. காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருந்தாலே சணல் தன் உலர் எடையில் சுமார் 12 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கையில் எடுத்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். 100 கிராமுக்கு 12 கிராம் தண்ணீர். அது முழுக்க நீராவியானால் சுமார் 20 லிட்டர்! நம்ம பலகையின் மொத்த கன அளவே 270 மில்லி. அத்தனையும் ஆவியாகாது, ஆனா அதில் ஒரு துளி ஆவியானாலே பலகைக்குள் குமிழி நிறைந்துவிடும்.

அதனால் 80 டிகிரி ஓவனில் வையுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போடுங்க. அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். எடுத்தவுடன் சிலிக்கா ஜெல் போட்ட கவரில் மூடுங்க. காலையில் காய வைத்துவிட்டு, டீ குடித்து, மத்தியானம் மோல்டு போட்டால் தண்ணீர் திரும்ப ஏறியிருக்கும்.

பூசுவது, அழுத்துவது, இறுகவிடுவது

தட்டையான ஸ்டீல் தகடு அல்லது தடிமனான கண்ணாடிமேல் மெழுகு தடவுங்க. ஓரங்களில் 3 மி.மீ. ஸ்பேசர். எபாக்சியும் ஹார்ட்னரும் கலந்ததை ஆழமான கப்பில் அப்படியே வைக்காதீங்க. மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து, வேலை முடியும் முன்னாடி கல்லாகிடும். அகலமான தட்டில் பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும்.

முதலில் ஒரு பூச்சு ரெசின், அதன்மேல் துணி, ரோலர். நார் ரெசினைக் குடித்து நிறம் கருமையாகும் வரைக்கும் பொறுங்க. பிறகு அடுத்த அடுக்கு. மேலே ஓ.எச்.பி. ஷீட் வைத்து, நடுவில் இருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளுங்க. மேல் தகடு வைத்து அழுத்துங்க.

எவ்வளவு அழுத்தம்? பலகையின் பரப்பு 900 சதுர செ.மீ. அதன்மேல் 90 கிலோ எடை வைத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிராம்தான். வேக்கம் பேக் முறையில் வளிமண்டலமே அழுத்தும். அது 900 கிலோ வைத்ததற்குச் சமம். லேபில் வேக்கம் பம்ப் இருந்தால் கேட்டு வாங்குங்க, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

24 மணி நேரம் அறை வெப்பத்தில். பிறகு டேட்டா ஷீட் சொல்லும் போஸ்ட் க்யூர். அவசரப்பட்டு முந்தின நாளே உரித்தால் பலகை வளைந்துவிடும். சூடாக்கும்போது 200 டிகிரி பக்கமே போக வேண்டாம், நார் கருகிவிடும்.

சோதனைக்கு முன்னாடி இரண்டு விஷயம்

முதலில் காற்றிடைவெளி. கண்ணாடிக் கம்போசிட்டில் ஃபர்னஸில் ரெசினை எரித்து நாரை எடை போடலாம். நம்ம விஷயத்தில் நாரும் சேர்ந்து எரிந்துபோகும். அதனால் காய்ந்த துணியின் எடையை முன்னாடியே குறித்து வைக்கணும். பலகையின் எடையில் அதைக் கழித்தால் உள்ளே போன ரெசின். அதை வைத்துத் தியரி அடர்த்தியைத் திரும்பக் கணக்கிடுங்க. அது 1.226, ஆனா அளந்தது 1.14 என்றால் உள்ளே 7 சதவீதம் காற்று. அப்படி ஒரு பலகையை யு.டி.எம். இயந்திரத்தில் இழுத்து, வலிமை குறைவு என்று நாரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, ஒப்பீடு. நார் இல்லாத வெறும் ரெசின் பலகை ஒன்று, காஸ்டிக் போடாத நார்ப் பலகை ஒன்று, போட்ட நார்ப் பலகை ஒன்று. மூன்றும் இருந்தால்தான் நாரால் என்ன நடந்தது, காஸ்டிக்கால் என்ன நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 மாதிரிகள். இழுவைக்கு ஏ.எஸ்.டி.எம். டி3039, வளைவுக்கு டி790, தண்ணீர் உறிஞ்சலுக்கு டி570. வெட்டிய ஓரத்தில் நார் வாய் திறந்து இருக்கும், தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். ஓரத்தை ரெசினால் அடைத்தது, அடைக்காதது இரண்டையும் ஊறவைத்துப் பாருங்க. உடைந்த இடத்தைப் பூதக் கண்ணாடியில் பாருங்க. நார்கள் சுத்தமாக உருவிக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தால் இண்டர்ஃபேஸ் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

இப்போ எக்ஸ்டர்னல் கேள்விக்குப் பதில்

100 கிராம் பலகை. சணல் 30 கிராம். ரெசின் 70 கிராமில் எபாக்சி 46.7, ஃபீனால்கமீன் 23.3. ஃபீனால்கமீனும் முழுக்கச் செடி இல்லை; அதில் இருக்கும் அமீன் பெட்ரோலியத்தில் இருந்து வருவது. டேட்டா ஷீட்டில் 60 சதவீதம் தாவரப் பங்கு என்று இருந்தால் 14 கிராம். ஆக 44 கிராம். எபாக்சி செய்யத் தேவையான எபிகுளோரோஹைட்ரினை பயோடீசல் துணைப்பொருளான கிளிசராலில் இருந்தும் எடுக்கலாம். அப்படி 30 சதவீதம் தாவரப் பங்குள்ள எபாக்சி கிடைத்தால் இன்னொரு 14 கூடி, 58 கிராம்.

ஆக 30இல் இருந்து 58. 100 ஆகலை. ஆனா இது காட்டக்கூடிய கணக்கு. லேப் சோதனையும் இருக்கு: பெட்ரோலியக் கார்பனில் கார்பன்-14 எப்போதோ சிதைந்து போயிருக்கும், செடியின் கார்பனில் இருக்கும். அதை அளந்து தாவரக் கார்பன் பங்கைச் சொல்லும் முறைதான் ஏ.எஸ்.டி.எம். டி6866.

"மக்கும்" என்ற வார்த்தையை மட்டும் ஸ்லைடில் இருந்து எடுத்துடுங்க. செடியில் இருந்து வந்தது வேறு, மண்ணில் மக்குவது வேறு. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை டிராபன்ட் என்ற கார் செய்தார்கள், சுமார் 30 லட்சம் கார்கள். எஃகு தட்டுப்பாடு, அதனால் பாடியைப் பருத்திக் கழிவும் ஃபீனாலிக் ரெசினும் சேர்த்து அழுத்திச் செய்தார்கள். உள்ளே இருந்தது பஞ்சு. ஆனா இறுகின தெர்மோசெட்டை உருக்கவும் முடியாது, அது மக்கவும் இல்லை. ஜெர்மனிகள் இணைந்த பிறகு அந்தப் பழைய பாடிகளை என்ன செய்வது என்பது பெரிய தலைவலியானது. நம்ம முந்திரிப் பலகையும் இறுகின தெர்மோசெட்தான்.

அப்படியானால் எதற்கு இந்த வேலை? கண்ணாடி நார் அரிப்பு இல்லை, எடை குறைவு, பெட்ரோலியம் சுமார் 40 சதவீதம் குறையுது, குப்பையாகக் கிடக்கும் தோட்டுக்கு விலை கிடைக்குது. மழையில் நனையாத இடங்களுக்கு, அதாவது பஸ் உட்பலகை, அலமாரிக் கதவு, ஸ்பீக்கர் பெட்டி மாதிரியான பொருட்களுக்கு இது நல்லாவே பொருந்தும்.

அடுத்த பேட்ச் நண்பர்களுக்கு ஒரு யோசனை. புது நார் தேடி அலைய வேண்டாம். இதே சணல், இதே ரெசின். ஒரு பலகையை ஏ.சி. அறையிலும், இன்னொன்றை ஜன்னல் ஓரத்திலும் ஆகஸ்டில் இருந்து ஜனவரி வரை வைத்து, மாதா மாதம் எடையும் வளைவு வலிமையும் அளந்து பாருங்க. நம்ம ஊர் மழைக்காலம் முழுக்க அதில் பதிவாகும். அப்படி ஒரு வரைபடத்தோடு வைவாவுக்குப் போனால், எக்ஸ்டர்னல் அடுத்த கேள்வியை யோசித்துத்தான் கேட்பார். செய்து பார்த்தவர்கள் எடைக் குறிப்புகளோடு அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க!